சீயக்காய்க்கு ஜெர்மனியில் என்ன பெயர்?

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருகின்றன. ஊறுகாய், பருப்புப்பொடி, சாம்பார்பொடி இவற்றை எப்படிக் கட்டி அனுப்புவது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குளியலறைச் சாமான்களைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. போய் இறங்கின பத்தாம் நாள் போன் வரும். "இங்க நம்ம சோப்பு இல்லை, தலையெல்லாம் பிசுபிசுங்குது, முடி கொட்டுது." சாப்பாட்டில் புதுசைப் பழகிக்கொள்கிற மனசு, உடம்பில் பூசுகிற பொருளில் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

மும்பையில் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சோப்பு, தலையெண்ணெய், வாசனைப் பொருள் மொத்த வியாபாரம் செய்துவருகிறேன். என் மகள் குடும்பத்தோடு ஜெர்மனியில் மியூனிக் நகரில் இருக்கிறாள். கடையில் நின்றபடி டப்பாவின் பின்புறத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "அப்பா, இது நமக்கு ஆகுமா?" என்று அவள் போனில் கேட்பதும் நான் பதில் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி பதில்களில் தேறியதைத்தான் இங்கே தருகிறேன்.

பழகியதும் ஒரு காலத்தில் அயல்சரக்கே

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் படித்தவர்களுக்கு மாதவியின் குளியல் நினைவிருக்கும். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் அவள் கூந்தலைக் கழுவினாள் என்கிறார் இளங்கோவடிகள். அந்த ஐந்து விரை எவை என்றால் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று உரைகாரர் பட்டியல் தருகிறார். இதில் கோட்டம் இமயமலைப் பக்கத்துச் சரக்கு. அகிலும் சந்தனமும் கற்பூரமும் கீழைக்காற்றில் கப்பலேறி வந்த செய்தி அதே காப்பியத்தின் ஊர்காண் காதையில் இருக்கிறது. புகாரில் வண்ணமும் சுண்ணமும் சாந்தும் கூவி விற்றவர்களைச் சொல்லும் காதையே, கடல் கடந்து வந்து அங்கே குடியிருந்த அயல்நாட்டாரையும் சொல்கிறது. குளியல்பொருளும் குடிபெயர்ந்த ஜனங்களும் ஒரே துறைமுகத்தில்தான் இருந்திருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. ஷாம்பு என்ற சொல் ஆங்கிலத்துக்கு இந்தியிலிருந்து போனது. அமுக்கிப் பிடித்துவிடுவது என்று அதற்குப் பொருள். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1814-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல்கூடம் திறந்து, இந்த வேலையை அரச குடும்பம் வரை கொண்டுபோனார். வாசனைத் தைலப் புட்டிகளில் உலகம் முழுக்க 'வெட்டிவர்' என்று அச்சிடுகிறார்களே, அது நம்ம வெட்டிவேர்தான். தமிழ்ச்சொல் அப்படியே போய் உட்கார்ந்திருக்கிறது.

வணிகப்பெயரை நம்பிப் போகாதீர்கள்

வெளிநாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் நம் கண் பழகின வணிகப்பெயரைத்தான் தேடும். அங்கேதான் சிக்கல். ஒரே கம்பெனியின் ஒரே சரக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறும். நமக்கு ஓலே என்று தெரிந்த முகக்களிம்பு ஜெர்மனியில் ஓலாஸ். நாம் ஆக்ஸ் என்று வாங்குவது இங்கிலாந்தில் லிங்க்ஸ். இதற்கு நேர்மாறாகப் பெயர் ஒன்றாக இருந்து பொருள் மாறுவதும் உண்டு. ரெக்ஸோனா என்றால் நம் ஊர்க்காரருக்குச் சோப்பு. ஜெர்மனிக் கடையில் ரெக்ஸோனா கேட்டால் அக்குளில் அடிக்கிற வியர்வை மருந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 1807-ல் லண்டனில் பிறந்த பேர்ஸ் சோப்பு, பிற்காலத்தில் இந்தியாவில் தயாராகி இங்கிலாந்துக்கே போய் விற்றது. ஆகவே பெயரை வைத்து ஊரையும் சொல்ல முடியாது, பொருளையும் சொல்ல முடியாது.

பின்பக்கப் பட்டியல்தான் துணை

பிறகு எதை நம்புவது? டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற மூலப்பொருள் பட்டியலைத்தான். அழகுப் பொருள்களின் சேர்மானங்களுக்கு உலகப் பொதுப்பெயர் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஐ.என்.சி.ஐ. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் அகராதி 1973-ல் அமெரிக்காவில் முதலில் வெளிவந்தது. ஐரோப்பாவில் இந்தப் பெயர்களில் பட்டியல் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். மும்பையில் வாங்கினாலும் மியூனிக்கில் வாங்கினாலும் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றுதான். செடிகொடிக்கு லத்தீன் பெயர். தண்ணீர் 'அக்வா', வாசனை 'பர்ஃபும்'.

நமக்கு வேண்டிய சிலவற்றைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

சீயக்காய் – அகேசியா கன்சின்னா
பூந்திக்கொட்டை – சாப்பிண்டஸ்
தேங்காயெண்ணெய் – கோகோஸ் நூசிஃபெரா
நல்லெண்ணெய் – செசாமும் இண்டிகும்
விளக்கெண்ணெய் – ரிசினுஸ் கம்யூனிஸ்
மஞ்சள் – குர்குமா லோங்கா
சந்தனம் – சாண்டலும் ஆல்பும்
மருதாணி – லாசோனியா இனெர்மிஸ்

பட்டியலை வாசிக்க ஒரு விதி இருக்கிறது. எடையில் எது அதிகமோ அது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். முகப்பில் பெரிய நெல்லிக்காய்ப் படம் இருக்கும். பட்டியலின் முதல் சொல் 'பாரஃபினும் லிக்விடும்' என்று இருந்தால், வாங்குவது பெரும்பங்கு பெட்ரோலியத்திலிருந்து வந்த வெள்ளை எண்ணெய் என்று அர்த்தம். சந்தன சோப்பில் சாண்டலும் என்ற பேச்சே இல்லாமல் பர்ஃபும் மட்டும் இருந்தால், அநேகமாக மணம்தான் சந்தனம். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தக் கடையில் எது?

ஜெர்மனியில் சோப்பு, ஷாம்பு, பற்பசை விற்கும் கடைக்கு 'ட்ரோகெரி' என்று பெயர். 1972-ல் தொடங்கின ரோஸ்மன், 1973-ல் கார்ல்ஸ்ரூவில் தொடங்கின டி.எம். இரண்டும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. மருந்துக்கடை வேறு. அதற்கு 'அப்போதேக்கெ' என்று பெயர், வாசலில் சிவப்பு 'ஏ' எழுத்து தொங்கும். ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடைகளே கிடையாது, சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

தேங்காயெண்ணெயைத் தலையெண்ணெய் வரிசையில் தேடினால் சுலபத்தில் அகப்படாது. சமையல் எண்ணெய் வரிசையில் கண்ணாடி ஜாடியில் வெள்ளையாக உறைந்து நிற்கும். கெட்டுப்போச்சோ என்று பயப்பட வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைகிற சுபாவம் உடையது. அதிலும் இரண்டு வகை உண்டு. 'நாட்டீவ்' என்று போட்டிருந்தால் நம் ஊர் மணம் இருக்கும். மணம் நீக்கியது வேறு வகை, அதில் தேங்காய் வாசனையே வராது.

நல்லெண்ணெயில் ஜாக்கிரதை வேண்டும். ஆசியக் கடைகளில் கருஞ்சிவப்பாக இருக்கிற எள்ளெண்ணெய், எள்ளை வறுத்து ஆட்டியது. சீனச் சமையலுக்கானது. அதைத் தலையில் வைத்தால் நாள் முழுக்க வறுவல் வாசனைதான். வறுக்காத எள்ளெண்ணெய் என்று கேட்டு வாங்கவும்.

பூந்திக்கொட்டை கிடைக்கும், ஆனால் கூந்தல் வரிசையில் இல்லை. இயற்கைப் பொருள் கடைகளில் துணி துவைக்கிற சாமானோடு 'வாஷ்நுஸ்ஸெ', அதாவது சலவைக்கொட்டை, என்று பையில் கட்டி வைத்திருப்பார்கள். சீயக்காய்த்தூளுக்கு இந்தியக் கடை, இலங்கைத் தமிழர் கடைகள்தான் கதி. பாசிப்பயறும் கடலைமாவும் தானியக் கடைகளில் கிடைத்துவிடும். அரைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று. கூச்சப்படாமல் சொல்கிறேன். கழிவறையில் தண்ணீர்க்குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில் கட்டாயம் இருக்கட்டும். போய்ச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் இதற்குத்தான் முதலில் நன்றி சொல்கிறார்கள்.

குற்றம் ஷாம்புவில் இல்லை, தண்ணீரில்

முடி கொட்டுகிறது, தோல் வறளுகிறது என்றதும் சோப்பைத்தான் திட்டுகிறோம். பல நேரம் காரணம் தண்ணீர். தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்தால் அது கடின நீர். சோப்பு அதோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி முடியிலும் தோலிலும் படியும். ஜெர்மானியர் தண்ணீரை மென்மை, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அவர்கள் அளவில் 8.4 டிகிரிக்குக் கீழே மென்மை, 14-க்கு மேலே கடினம். எந்தப் பேட்டைக்கு எந்த வகை என்று தண்ணீர் வழங்குவோர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மியூனிக் நீர் கடின வகையில் வருகிறது.

இதற்கு வைத்தியம் உண்டு. கடின நீர் ஊரில் சோப்புக் கட்டிக்குப் பதிலாக, பட்டியலில் 'சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட்' முதலில் வருகிற கட்டியை வாங்கலாம். அது சோப்பு இல்லாத கழுவுபொருள், பிசுக்குக் கட்டாது. கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச்சாறு பிழிந்து தலையை அலசினால் படிந்ததும் போகும். குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அப்போது டால்கம் பவுடர் பூசுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவுவதே சரி.

சோப்புக்குள் ஒளிந்திருக்கும் உயிர்

மரக்கறி உண்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எங்கள் சமண வீடுகளில் தேன்கூட விலக்கு. தட்டில் விலக்கியதைத் தோலில் தேய்க்கலாமா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதானே!

உணவுப் பொட்டலத்தில் நாம் பார்த்துப் பழகின பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். 'சோடியம் டாலோவேட்' என்றால் மாடு, ஆடு இவற்றின் கொழுப்பில் செய்த சோப்பு. 'சோடியம் லார்டேட்' பன்றிக் கொழுப்பு. 'சோடியம் பாமேட்' பனை வகை எண்ணெய், 'சோடியம் கோகோயேட்' தேங்காயெண்ணெய், இவை இரண்டும் ஆகும். உதட்டுச்சாயத்தில் 'சி.ஐ. 75470' என்ற எண் இருந்தால் அது பூச்சிகளை உலர்த்தி எடுத்த சிவப்பு. 'செரா ஆல்பா' தேன்மெழுகு, 'மெல்' தேன், 'லானோலின்' ஆட்டுரோமத்து மெழுகு, 'ஷெல்லாக்' அரக்கு.

பட்டியலுக்கும் ஒரு எல்லை உண்டு. கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் போன்றவை தாவரத்திலிருந்தும் வரும், கொழுப்பிலிருந்தும் வரும். எது என்று பட்டியல் சொல்லாது. அந்த இடத்தில் 'வீகன்' முத்திரை உதவும். அது பால், தேன் உட்பட எல்லா விலங்குப் பொருளையும் விலக்கியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'விலங்குகளில் சோதிக்கப்படாதது' என்பது வேறு, 'விலங்குப் பொருள் இல்லாதது' என்பது வேறு. விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் முழுதாகத் தடை செய்தது. இந்தியா 2014-ல் சோதனையையும் அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடுத்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் சோதிக்காத சோப்பிலும் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம், அதற்குத் தடை இல்லை.

எடுத்துப் போகக் கூடாதவை

பேரப்பிள்ளைக்கு என்று பாட்டிமார் கண்மை டப்பா கட்டிக் கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சுர்மா, கண்மை என்ற பெயரில் சந்தையில் விற்பவற்றில் சில, ஈயக்கல்லை அரைத்த தூள். குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும், ஈயம் உள்ளே போகும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், போன வளர்ச்சி திரும்பாது. ஐரோப்பாவில் அழகுப் பொருளில் ஈயம் சேர்ப்பது தடை. அமெரிக்காவில் இந்த வகைக் கண்மைக்கு அனுமதியே இல்லை. மஞ்சளில் செய்த குங்குமத்துக்குக் குறைவில்லை. ஈயச் செந்தூரம் கலந்த சிந்தூரம் ஆபத்து. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புக்கும் இதே தீர்ப்பு.

எண்ணெய்ப் புட்டிகளைக் கைப்பையில் வைக்காதீர்கள். 2006 முதல் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் விடுவதில்லை. புதுக் கருவி வந்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருந்தாலும், நடுவில் மாறுகிற ஊரில் பிடித்துக்கொள்வார்கள். சீயக்காய்த்தூளைப் பெயரில்லாத பையில் கட்டாமல், அச்சிட்ட உறையோடு பெட்டியில் போடுங்கள்.

முடிவாக ஒரு வேலை சொல்கிறேன். பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால், குளியலறை அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பட்டியலில் முதல் ஐந்து பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஆறு மாதச் சோப்பைச் சுமந்து போனால் ஏழாம் மாதம் தீர்ந்துவிடும். அந்தத் தாள் எந்த நாட்டுக் கடையிலும் உதவும். நாம் மும்பைக்கு வந்த புதிதில் பூந்திக்கொட்டைக்கு ரீட்டா என்றும் வெட்டிவேருக்கு வாளா என்றும் கற்றுக்கொண்டுதானே வாங்கினோம்? பிள்ளைகள் இன்னும் ஒரு பெயர் கூடுதலாகக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியல் படிப்பதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் நான் இருப்பேன். டப்பாவையோ அதன் படத்தையோ கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.