மறதிநோயும் மனப்பாடமான பாட்டும்

பெற்ற மகளைத் தன் அக்காள் என்று எண்ணிப் பேசுகிறவரும், அரைமணி நேரத்துக்கு முன் உண்ட இட்டிலியை மறந்து "எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே" என்று குறைப்படுகிறவரும், நாற்பது வருஷம் குடியிருந்த வீட்டின் கூடத்தில் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போகலாம், வா" என்று அழைக்கிறவருமான ஒரு மூதாட்டி, பக்கத்தில் யாராவது அமர்ந்து கந்தர் சஷ்டி கவசத்தின் முதலடியை எடுத்துக் கொடுத்துவிட்டால், மேற்கொண்டு தடுமாறாமல் நெடுந்தூரம் சொல்லிக்கொண்டு போவதைக் கண்டு குடும்பத்தார் திகைப்பது அபூர்வமான அனுபவம் அன்று. முருகன் அருள் என்று கைகூப்புவோர் உண்டு, "இது ஞாபகம் இருக்கிறதென்றால், மற்றதெல்லாம் நடிப்பா?" என்று சந்தேகிப்போரும் உண்டு. இந்தச் சந்தேகம் அநியாயமானது; அதனால் வீட்டில் விளையும் மனக்கசப்போ பெரிது. ஆகையால், இவ்விஷயத்தில் வைத்திய சாஸ்திரம் சொல்வதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"புத்தி தடுமாறிவிட்டது" என்றும், யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்றும் சொல்லி மூப்பின் கணக்கில் எழுதிவிடப்படும் இந்நிலை, மூப்பின் இயல்பன்று; மூளையின் உயிரணுக்கள் சிதைவதால் வரும் வியாதி. 1906-ஆம் ஆண்டில் இதனை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரால் வழங்கும் நோயே, டிமென்ஷியா என்ற பொதுப்பெயருக்குள் அடங்குவனவற்றில் நூற்றுக்கு 60 முதல் 70 வரை இடம்பெறுகிறது. உலகில் டிமென்ஷியா நோயாளர் 5.5 கோடிக்கு மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நோயை அறவே போக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

ஞாபகம் என்பது ஒரே வகையானதன்று. நேற்று வந்தவர் யார், மாத்திரை போட்டுக்கொண்டோமா என்பன போன்ற புதிய செய்திகள் மனத்தில் தங்குவதற்கு ஹிப்போகேம்பஸ் என்னும் சிறிய மூளைப்பகுதி இன்றியமையாதது. அல்சைமர் நோய் முதன்முதலாகக் கைவைப்பது அதன் மீதும் அதன் அண்டையிலுமே. கோலமிடும் விரலின் பழக்கமும், பலநூறு முறை ஓதி நாவில் ஏறிவிட்ட பாட்டும் வேறு பகுதிகளைச் சார்ந்து நிற்பவை. ஆங்கிலேய இசைஞர் கிளைவ் வேரிங், 1985-இல் மூளையழற்சிக்கு ஆளாகிச் சற்று முன் நடந்ததைக்கூட நினைவில் நிறுத்த இயலாதவரான பின்னும், பியானோ வாசிக்கவும் பாடகர் குழுவை நடத்தவும் வல்லவராகவே இருந்தார். அவருக்கு வந்தது வேறு வியாதி. எனினும், ஒரு ஞாபகம் அழிந்த இடத்தில் மற்றொன்று பிழைத்திருக்கலாம் என்பதற்கு அவரே பிரத்தியட்ச சாட்சி. 2015-இல் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், நெடுநாள் அறிந்த பாட்டைக் கேட்கையில் இயங்கும் பகுதிகளை அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களோடு ஒப்பிட்டு, அப்பகுதிகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே சிதைந்திருப்பதாகத் தெரிவித்தனர். ஆகவே, கவசம் சொல்லுகிற மூதாட்டி நடிக்கவில்லை. மகளின் பெயர் போன வழி வேறு, பாட்டு நின்ற இடம் வேறு.

இதில் நம் பாடல்களின் அமைப்புக்கும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை முன்கூட்டியே செவியில் ஒலிக்கச் செய்கின்றன. அந்தாதியிலோ முடிந்த சொல்லே அடுத்த பாட்டைக் கைப்பிடித்து அழைத்து வந்துவிடுகிறது. ஏடு எல்லோருக்கும் கிட்டாத காலத்தில் மனப்பாடத்துக்கு உதவிய உபாயங்கள், ஏட்டையே மறந்துவிட்டவருக்கும் உதவுவதில் ஆச்சரியம் இல்லை.

இனி, சங்கீதத்தால் ஆகும் பயன் எவ்வளவு? 30 பரிசோதனைகளையும் அவற்றில் பங்கு கொண்ட 1720 பேரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 2025-இல் வெளியான, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, இசைச் சிகிச்சையினால் மனச்சோர்வு குறையக்கூடும், நடத்தைச் சிக்கல்கள் ஓரளவு தணியலாம் என்கிறது. கிளர்ச்சியும் முரட்டுத்தனமும் அடங்கியதாகவோ, அறிவாற்றல் மீண்டதாகவோ அதில் உறுதியான ஆதாரம் இல்லை. சிகிச்சை நின்ற பின்னும் பயன் நீடிக்குமா என்பதும் தெளிவாகவில்லை. சிறிய பயன்தான், ஆயினும் மருந்தே கையை விரிக்கும் வியாதியில், தீங்கு அதிகம் இல்லாத சிறிய பயனை யார் வேண்டாம் என்பார்?

இந்த ராகம் இரத்த அழுத்தத்துக்கு, இந்த ராகம் ஞாபகசக்திக்கு என்று அட்டவணை போட்டு விற்கிறவர்களை மட்டும் நான் நம்புவதில்லை. ராகத்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் இளமையில் நாகூர் ஹனீபாவின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்குப் பைரவி ஆலாபனையை மருந்தாக ஊட்டுவதில் பொருளில்லை. பாட்டின் சக்தி அந்த மனிதருடைய வாழ்க்கையோடு அதற்குள்ள சம்பந்தத்தில் இருக்கிறது. சுமார் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் பதிந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பது மனோதத்துவ ஆராய்ச்சியில் பலமுறை கண்ட விஷயம். இன்று எண்பதை எட்டியவருக்கு அது 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரையுள்ள காலம்: மார்கழி விடியலில் சொன்ன திருப்பாவை, ஒலிபெருக்கியில் வந்த சீர்காழி கோவிந்தராஜன், தேவாலயத்தில் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை. வாலிபத்தில் சுயமரியாதை இயக்கத்தில் நின்றவருக்கு, அவர் மறுக்க மாட்டாத நிலையில் இருக்கிறார் என்பதற்காகப் பக்தியைப் புகட்டுவது அக்கிரமம். அவருக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் சினிமாப் பாட்டு இருக்கிறது.

பக்திப் பாட்டிலும் எச்சரிக்கை வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவருக்குத் திருப்பொற்சுண்ணம் சாவு வீட்டில் சுண்ணம் இடிக்கும் சடங்கோடு ஒட்டியது. சிவபுராணத்தைத் தமிழ்நாட்டில் பலர் தினமும் ஓதினாலும், உயிர் பிரியும் வேளையிலும் ஓதுவதுண்டு. கேட்டவுடன் முகம் மாறினால் நிறுத்திவிட வேண்டியதுதான். காது மந்தமாயிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் பாட்டுக்கு நடுவே திடீரென்று வீறிடும் விளம்பரம், சற்றே அமைதி கண்டவரைத் திடுக்கிட வைக்கும். ஆதலால் பாட்டை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் மிகுவதால், லிண்டா கெர்ட்னர் என்ற அமெரிக்கச் செவிலிய ஆராய்ச்சியாளர், பதற்றம் உச்சமடைவதற்கு அரைமணி முன்பாகவே அவரவர்க்கு உகந்த இசையைத் தொடங்கும்படி வழிகாட்டினார். நாள் முழுவதும் ஓடவிட்டால் அது வெறும் சந்தடி ஆகிவிடும்.

இதுவரை நோயாளியைப் பற்றியே பேசினோம். இரவில் மூன்று தடவை எழுந்து, ஒரே கேள்விக்கு நூறாவது தடவை பதில் சொல்லி, குளிப்பாட்டப் போகும்போது அடியும் வாங்குகிற மனைவியோ மகளோ மருமகளோ இருக்கிறாரே, அவருக்கு என்ன கிடைக்கிறது? பின்லாந்தில் சார்காமோ என்பவரும் சகாக்களும் 89 நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் சேர்த்து, பத்து வாரப் பயிற்சி ஒன்று நடத்தி, அதன் முடிவுகளை 2014-இல் வெளியிட்டனர். பாட்டுக் கேட்ட குழுவினருக்கும் பாடிய குழுவினருக்கும் மனநிலை மேம்பட்டது. பராமரிப்போரின் மனநலம் உயர்ந்ததோ சேர்ந்து பாடிய குழுவில். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. கேள்வியும் பதிலும் தோற்றுவிட்ட இருவருக்கு, சேர்ந்து செய்யக்கூடிய காரியம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. குரல் நன்றாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சட்டையைக் கழற்றும் நேரத்தில் முனகிய ஒரு பாட்டு, பத்து நிமிஷ வாக்குவாதத்தை மிச்சப்படுத்தலாம்.

இங்கிலாந்தில் நியூபெரி என்ற ஊரில் 2003-இல் தோன்றிய பாட்டுக் கூட்டங்களை அந்நாட்டு அல்சைமர் சங்கம் பிற ஊர்களிலும் நடத்துகிறது. நோயாளியும் துணைவரும் சேர்ந்தே வருகிறார்கள். நமக்குத் திருவாசக முற்றோதல் நடக்கும் மண்டபங்களும், பஜனை கோஷ்டிகளும், ஞாயிறு ஆராதனைகளும் ஏற்கனவே இருக்கின்றன. ஆனால் சபையில் ஏதேனும் தாறுமாறாக நடந்துவிடுவாரோ என்ற கூச்சத்தால், ஞாபகம் குறையத் தொடங்கியவரை அங்கே அழைத்துப் போவதைத்தான் வீட்டார் முதலில் நிறுத்துகிறார்கள். கோஷ்டியைச் சேர்ந்த இரண்டு பேர் வாரம் ஒரு முறை, வெளிச்சம் இருக்கும்போதே, அந்த வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உடன் அமர்ந்து பாடலாம். பராமரிக்கிற மருமகள் பாட விரும்பினால் பாடட்டும். விரும்பாவிட்டால் கடைக்குப் போய்வரட்டும், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.