உப்புக் காற்றுக்கு உகந்த அலுமினியம்

கல்குடா, பாசிக்குடாக் கரையோரத்து வளவுகளில் ஓட்டைச் சட்டி, உடைந்த எஞ்சின் மூடி, வாகனச் சக்கரம் என்று அலுமினியத் துண்டுகள் சேர்ந்து கிடக்கையில், அவற்றை உருக்கித் தோணிக்கு வேண்டிய பிடியையோ கப்பியையோ தாமே வார்த்துக்கொள்ளலாமே என்று கைத்தொழிலில் பிரியமுள்ள ஒருவர் எண்ணுவது இயல்பே. 660 பாகை செல்சியஸில் இளகிவிடும் இவ்வுலோகத்துக்குச் சிரட்டைக் கரியும் காற்றூதியும் கொண்ட சிற்றுலை போதுமாகையால் உருக்குவதில் கஷ்டமில்லை. எதை உருக்குவது என்பதிலேதான் வித்தை அடங்கியிருக்கிறது.

1898இல் அல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைத்தொழிற் பாடசாலையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தபோது, தகட்டை அடித்து உருக்கொடுப்பதே பிரதானமாயிருந்தது. அடிப்பதற்கு மிருதுவான சுத்த உலோகம் உத்தமம். வார்ப்பதற்கோ அந்தச் சுத்தமே தோஷமாகிவிடுகிறது. சட்டியை உருக்கி அச்சில் ஊற்றினால், மெல்லிய மூலைகளை எட்டுமுன்பே உறைந்தும், உறைகையில் கனவளவில் நூற்றுக்கு ஆறேழு பங்கு சுருங்கி விரிசல் கண்டும் போகும். சிலிக்கன் சேர்ந்தால் இக்குறைகள் பெரும்பாலும் நீங்கும். நூற்றுக்கு 12 பங்களவில் அது கலந்த உலோகம் 577 பாகையிலேயே உருகி, அச்சின் இண்டு இடுக்கெல்லாம் ஓடிப் பரவுகிறது. ஆனால் தனிச் சிலிக்கன் உருகுவதற்கு 1414 பாகை வேண்டுமாகையால், அதைக் கட்டியாக வாங்கி வீட்டு மூசையில் கரைக்க முயல்வது வீண் பிரயாசை. பழைய பிஸ்டன்களிலே ஏறக்குறைய அந்த அளவு ஏற்கெனவே இருக்கிறது. தொழிற்சாலைக்காரன் அளந்து வைத்ததை நாம் எடுத்துக்கொண்டால் போயிற்று.

எனினும் கடற்கரைவாசி சற்றே நிதானிக்க வேண்டும். பிஸ்டனில் செம்பும் உண்டு. செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியம், சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்தபின் சில நாட்களில் தானாகவே இறுகுவதை ஜெர்மனியில் அல்பிரட் வில்ம் 1906இல் கண்டறிந்தார். ஆகாய விமானக் கட்டுமானத்துக்கு அது பேருபகாரமாயிற்று. ஆயினும் பலத்தை அளிக்கும் அதே செம்பு, உப்பு நீரில் அரிப்புக்கு வழிவிடுகிறது. ஆகையால் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் பிஸ்டனைக் கொள்ளலாம். தோணியில் பூட்டுவதற்கு, சிலிக்கன் ஏழு பங்கும் சொற்ப மக்னீசியமும் கொண்டு, செம்பை ஏறக்குறைய முற்றாக விலக்கிய கார் அலோய் வீல்களே சிலாக்கியம். இரண்டையும் ஒரே மூசையில் போடுவதைச் சிலர் சிக்கனம் என்பார்கள். நான் அதை ஊதாரித்தனம் என்பேன்.

இனி ஈரம். உருகிய அலுமினியம் நீராவியிலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி, உறையும்போது அதை வெளிவிட முடியாமல் ஊசித்துளைகளாக வைத்துக்கொள்ளும்; நனைந்த துண்டொன்று மூசைக்குள் அமிழ்ந்தாலோ, நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தையே முகத்தில் வாரியடிக்கும். மாரி காலத்தை விடுத்துக் கச்சான் வீசும் மாதங்களில் உலை மூட்டுவது நல்லது. அப்போதும் ஒவ்வொரு துண்டையும் உலை வாயருகே காய வைத்த பின்னரே உள்ளே இட வேண்டும்.