தெல்லிப்பழையில் ஒரு எக்ஸ்பொக்ஸ்: பிழை கேபிளிலா, நினைவகத்திலா?

2022 மார்ச் கடைசி. நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நேரம். தெல்லிப்பழையில் அக்கா வீட்டு அலுமாரிக்கு மேலிருந்து, அரிசிப் பையில் சுற்றிய ஒரு பெட்டியை இறக்கித் தந்தார் அக்கா. "இதுக்குள்ள அவன்ர ரீம் இருக்கு. எடுக்கேலுமோ எண்டு ஒருக்காப் பார்" என்றார்.

அவன் என் மருமகன். 2018இல், பதினைந்து வயதில், புற்றுநோயால் எங்களை விட்டுப் போனான். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். சிகிச்சை முடிந்து வந்து படுத்திருந்த நாட்களில் அவனுடைய துணை, லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பிய எக்ஸ்பொக்ஸ் 360. ஒரு உதைபந்தாட்ட விளையாட்டில் தன்னோடு படித்த பொடியன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு அணி கட்டியிருந்தான். கோல்காப்பாளர் அவன்தான். இப்போது அந்தப் பெட்டியை முடுக்கினால் சிவப்பு வெளிச்சம் மட்டும் வருகிறது, ரீவியில் படம் இல்லை.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். 'ஆர்கேட்' என்று விற்கப்பட்ட, வன்தட்டு இல்லாத மாதிரி. சேமித்த விளையாட்டுகளெல்லாம் தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் 256 மெகாபைட் பிளாஷ் சிப்பில்தான் இருக்கும். மின்சாரம் இல்லாமலும் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் இந்த நினைவகத்தைத் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா என்ற பொறியியலாளர் 1980களில் உருவாக்கினார். பெட்டி செத்தாலும் சிப் சாகவேண்டியதில்லை. பவர் பெட்டியைச் செருகியதும் அதில் செம்மஞ்சள் வெளிச்சம் வந்தால், பிரதான மூளை உறங்கினாலும் பலகையில் இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்படுத்தி விழித்திருக்கிறது என்று அர்த்தம். தொழிற்சாலையில் சோதிப்பதற்காகப் பலகையில் விட்டிருக்கும் துளைகளில் வயர் பிடித்து அதனுடன் பேசலாம். சிப்பில் உள்ளதை வாசித்துத் தரும்படி கேட்கலாம்.

அப்படிப் பேசுவதற்கான மலிவான வழி, பழைய பிரிண்டர்களைச் செருகுவோமே, அந்த இருபத்தைந்து ஊசிப் பொருத்திதான். ஒரு பொருத்தி, 100 ஓம் ரெசிஸ்ரர் ஐந்து, டயோட் ஒன்று, ஏழு வயர். பள்ளிக்கூடத்தில் 'தடையி', 'இருவாயி' என்று படித்தவை, யாழ்ப்பாணத்துக் கடையில் எல்லாம் சேர்த்து ஒரு பிளேன்ரீ, வடைக் காசுக்குள் முடிந்தது. கணினிப் பக்கத்தில் 5 வோல்ற் வரை வரும், எக்ஸ்பொக்ஸ் பலகையோ 3.3 வோல்ற்றில் ஓடுவது. அந்த வித்தியாசத்தில் சிப் கருகாமல் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தத்தான் ரெசிஸ்ரர். டயோட் ஒரு திசையில் மட்டும் விடும், மாறிப் பூட்டினால் பதில் வராது. யூஎஸ்பி மாற்றியும் உதவாது. 'நான்ட்புரோ' என்ற அந்தப் பழைய மென்பொருள் கணினியின் பிரிண்டர் வாசலை நேரடியாகவே தட்டுகிறது. கடைசியில், மூடிவிட்ட ஒரு ரியூசன் நிலையத்தின் மூலையில் கிடந்த விண்டோஸ் எக்ஸ்பி மேசைக்கணினி ஒன்று அகப்பட்டது. இன்று இதே வேலையை ஒரு சின்ன மைக்ரோகொன்ரோலர் பலகையால் சில நிமிடத்தில் முடிக்கலாம். டொலரும் இல்லை, பெற்றோலும் இல்லை என்றிருந்த அந்த மாதத்தில் வெளியிலிருந்து எதையும் எடுப்பிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

முதல் நாள் கேபிள் வாயே திறக்கவில்லை. மென்பொருள் முதலில் சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கும். இந்த மாதிரிக்கு அது 3020 என்று முடியவேண்டும். எனக்கு வந்ததெல்லாம் பூச்சியம். எல்லாம் பூச்சியமாகவோ, எல்லாம் ஒரே எழுத்தாகவோ வந்தால் சிப்பைக் குறை சொல்லவேண்டாம், பேச்சே தொடங்கவில்லை. பவர் பெட்டியில் வெளிச்சம் வருகிறதா, டயோட் திரும்பியிருக்கிறதா, கணினியின் அடிப்படை அமைப்பில் பிரிண்டர் வாசல் எந்த முறையில் இருக்கிறது, சோல்டர் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னுடைய பிழை சோல்டரில். மேலே பளபளப்பாக இருந்த ஒரு ஒட்டு, மீற்றர் வைத்துப் பார்த்தால் தொடர்பே இல்லை. துளைக்குள் ஈயம் இறங்கவேயில்லை.

இரண்டாம் நாள் 3020 வந்தது. கத்திவிட்டேன், அக்கா குசினியிலிருந்து ஓடிவந்தார். அவசரப்பட்டுவிட்டேன் என்பது அரை மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது.

இந்தக் கேபிளில் 16 மெகாபைட் வாசிக்க ஏறக்குறைய நாற்பது நிமிடம் போகும். 256 என்றால் பத்தரை மணித்தியாலத்துக்கு மேல். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் முதல் 64 மெகாபைட் போதும் என்கின்றன. அவை பெட்டியின் பூட்டை உடைக்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டவை, அவர்களுக்குத் தேவையான இயங்குதளம் அந்த 64க்குள் முடிந்துவிடும். எனக்குத் தேவையானது அதற்குப் பிறகு இருப்பது. தொடர்ந்து பத்தரை மணித்தியாலம் மின்சாரம் வரும் நாள் அந்த மாதத்தில் இல்லை. நல்லகாலம், இத்தனையாம் தொகுதியிலிருந்து இத்தனை தொகுதி என்று பகுதி பகுதியாகக் கேட்க மென்பொருள் விடுகிறது. பதினாறு துண்டாகப் பிரித்துக்கொண்டேன்.

முதல் துண்டிலேயே பிழைச் செய்தி. 9, 41, 117ஆம் தொகுதிகளில் சரிபார்ப்பு பொருந்தவில்லை என்றது. சிப்பில் ஒவ்வொரு 512 பைட்டுக்கும் பக்கத்தில் 16 பைட் உபரியாக உண்டு. அதில் சரிபார்க்கும் குறியீடு எழுதப்பட்டிருக்கும். வாசித்ததும் அதுவும் ஒத்துவராவிட்டால் மென்பொருள் முறையிடும். (256 மெகாபைட் சிப்பை முழுதாக வாசித்தால் 264 மெகாபைட் கோப்பு வருவதும் இதனால்தான்.) சிப் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. திரும்ப வாசித்தேன். இந்த முறை 22, 88, 117.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. 9உம் 41உம் இரண்டாம் தடவை சரியாக வந்திருக்கின்றன. அப்படியென்றால் அவை சிப்பில் சரியாகத்தான் இருக்கின்றன, வரும் வழியில்தான் கெட்டிருக்கின்றன. இடம் மாறி மாறி வருகிற பிழை கேபிளுடையது. 117 மட்டும் அசையாமல் நிற்கிறது, அது சிப்புடையது. பிளாஷ் சிப்கள் தொழிற்சாலையிலிருந்தே சில கெட்ட தொகுதிகளோடுதான் வருகின்றன, அவற்றுக்குப் பதிலாகப் பாவிக்க வேறு தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கும். 117 முதல் 64 மெகாபைட்டுக்குள் கிடப்பதால் மருமகனின் அணிக்கு அதனால் பாதகமும் இல்லை.

கேபிளை என்ன செய்வது? பக்கத்து வீட்டு மாமா முந்தி றேடியோ திருத்தியவர். வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, எர்த் வயர் எத்தினை போட்டிருக்கிறாய்?"

"ஒண்டுதான் மாமா."

"ஆறு வயர் போகுது, எல்லாம் ஒண்டாலதானே திரும்பி வரவேணும்? அதுவும் இவ்வளவு நீளத்திலை?"

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட காலம். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இருந்த வீடுகளில் மாமா இப்படி எத்தனையோ றேடியோக்களைப் பேசவைத்திருக்கிறார். சைக்கிள் டைனமோவில் வயர் ஒன்றுதான், மற்ற வயராகச் சைக்கிள் சட்டமே வேலை செய்யும். சட்டம் துருப்பிடித்தால் றேடியோ கரகரக்கும். சனம் டைனமோவைத் திட்டும், மாமா துருவைச் சுரண்டுவார்.

என் கேபிளிலும் அதேதான். தகவல் துடிப்பாகப் போகிறது, ஒவ்வொரு துடிப்பும் எர்த்தால்தான் திரும்புகிறது. எர்த் மெலிந்து நீண்டிருந்தால் பூச்சியம் எது, ஒன்று எது என்று அளக்கும் அடிமட்டமே ஆடும். நேரத்துடிப்பு வயரில் ஒரு தடவை அப்படி ஆடினால் போதும், ஒரு பிட் நழுவி, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். நான் பாவித்தது ஒன்றரை மீற்றர் பிரிண்டர் வயர். அதை ஒரு சாண் அளவுக்கு வெட்டினோம். பொருத்தியின் 18 முதல் 25 வரையான ஊசிகள் எல்லாமே எர்த். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, பலகைக்கு இரண்டு எர்த் வயர் கொண்டுபோய், ஒன்றை நேரத்துடிப்பு வயரோடு முறுக்கினோம். ஒரு சாண் எட்டவேண்டுமென்பதற்காக எக்ஸ்பொக்ஸ் பலகையைக் கணினியின் பின்பக்கத்தில் தேங்காய் மட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். பார்க்கச் சகிக்காத கோலம்தான். அடுத்த தடவை 117 மட்டும். அதற்கடுத்த தடவையும் 117 மட்டும்.

பிறகு பொறுமை வேலை. மின்சாரம் வரும் நேரத்தில் ஒரு துண்டு, முடிந்தால் இரண்டு. ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை வாசித்து, பைட் பைட்டாக ஒப்பிட்டு, ஒத்துவந்தால் மட்டும் தாளில் சரி போட்டேன். இடையில் ஒரு பயம். நான்ட்புரோவில் வாசிக்கும் கட்டளைக்கும் எழுதும் கட்டளைக்கும் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். மெழுகுதிரி வெளிச்சத்தில், நித்திரைத் தூக்கத்தில், அந்த எழுத்தை மாற்றி அடித்தால் அவன் அணியின் மேலேயே எழுதிவிடும். வாசிக்கும் கட்டளையைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன். பத்தொன்பது நாள் எடுத்தது.

இந்தக் கேபிளுக்குக் கெட்ட பெயர் உண்டு, திருட்டு விளையாட்டுகளுக்காகவே பலர் இதைச் செய்தார்கள். எக்ஸ்பொக்ஸ் 360இன் இணையக் கடையை மைக்ரோசொஃப்ட் 2024 யூலை 29ஆம் திகதி மூடிவிட்டது. இணையத்தோடு ஒருநாளும் இணையாத எங்கள் பெட்டிக்கு அதனால் நட்டமில்லை, அதில் இருந்ததற்கு வேறெங்கும் பிரதியும் இல்லை.

வாசித்த கோப்பை அப்படியே இன்னொரு எக்ஸ்பொக்ஸில் எழுதினால் அது இயங்காது. இயங்குதளப் பகுதி அந்தந்தப் பெட்டியின் மூளைக்குள் உள்ள தனிச் சாவியால் பூட்டப்பட்டது. இந்தப் பலகையையே திருத்தவேண்டும், அல்லது சேமித்த விளையாட்டுப் பகுதியைக் கோப்பிலிருந்து தனியே பிரித்தெடுக்கவேண்டும். இரண்டுமே வேறு வேலை, இன்னும் முடியவில்லை. கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று லண்டனில்.

கடைசித் துண்டுக்குச் சரி போட்ட இரவு அக்கா வந்து பின்னால் நின்றார்.

"பெயரெல்லாம் இருக்கோ?"

"இன்னும் திறக்கேல்லை அக்கா. ஆனா ஒண்டும் விடுபடேல்லை."

தாளை வாங்கி, சரிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினார். பிறகு அந்தத் தாளையும் அரிசிப் பைக்குள் வைத்தார்.