‘ஓப்பன்ல இருக்கு’ என்று சொன்னால்…

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் மேசை முன் நிற்பவர் பளபளப்பை நம்ப மாட்டார். தோலை ஒரு தடவு தடவுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார், உடனே திருப்பிப் போட்டுச் சதைப்பக்கத்தைப் பார்ப்பார். உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல் அங்கேதான் இருக்கும். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை பழைய கார் பார்க்கப் போனால், சீட்டைத் தடவிவிட்டு “சூப்பரா வெச்சிருக்காங்களே” என்று மயங்கிவிடுகிறார். தோல் ஊரில் ஒரு காருக்குப் புது சீட் கவர் தைத்துப் போடுவது எத்தனை சுலபம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

புரோக்கரின் வசனம் பெரும்பாலும் இப்படித்தான்: “பாய், சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி. பேப்பர் எல்லாம் ஓப்பன்ல இருக்கு, நீங்க எப்ப வேணா பேர் மாத்திக்கலாம்.” சிஎம்சி மருத்துவமனை இருக்கும் வேலூரில் ‘டாக்டர் வண்டி’ என்ற சொல்லுக்குத் தனி விலை உண்டு. டாக்டர்களும் பள்ளத்தில் வண்டியை இறக்குவார்கள் என்பதால் அதை விட்டுவிடலாம். நின்று யோசிக்க வேண்டியது ‘ஓப்பன்’ என்ற சொல்லில்.

ஓப்பன் என்றால், விற்றவர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரை எழுதாமல் கொடுத்துவிட்டார் என்று பொருள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வண்டி இரண்டு கை, மூன்று கை மாறும். ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆள் பெயரே நிற்கும். ‘சிங்கிள் ஓனர்’ என்று கூசாமல் சொல்ல முடிவதும் இதனால்தான்.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு இருக்கிறது. முதல் உரிமையாளர் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது. 2009-ல் விபத்து, ஓர் உயிர் போனது. நஷ்டஈடு யார் கட்டுவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருடையதே. ஆக, பெயர் மாற்றாமல் விற்பவருக்குத்தான் பேராபத்து. வாங்குபவருக்கும் ஆறுதல் இல்லை. அந்தப் பழைய உரிமையாளர் இறந்துவிட்டாலோ, கையெழுத்து என்னுடையதல்ல என்று சொல்லிவிட்டாலோ, முழுப் பணம் கொடுத்த வண்டி உங்கள் வீட்டு வாசலில் அடுத்தவர் பெயரில் நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வியாபாரியிடம் வண்டியை ஒப்படைப்பவருக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வேறொரு வழியும் இருக்கிறது. அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் பதிந்துவிட்டால், அதன்பின் அந்த வண்டிக்கு டீலரே பொறுப்பு. உங்களுக்கு விற்க வரும் டீலரிடம் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் பதிவு நாள், இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் குறிப்பு எல்லாம் வரும். பெயர் மட்டும் பாதி மறைந்திருக்கும், ஆகவே அசல் ஆர்.சி.யையும் விற்பவரின் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே குனிந்து படியுங்கள். நிலுவை இ-சலான்களையும் அன்றே பார்த்துவிடலாம். கடன் அடைந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வர வேண்டும். எச்.பி. என்கிற அந்தக் கடன் குறிப்பு நீங்காத வண்டிக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், ஃபைனான்ஸ்காரருக்கு நீங்கள் கட்டும் தவணைதான்.

இந்தப் பகுதிக்கென்றே உள்ள சங்கதி ஒன்று: இங்கே பல கார்கள் ஆள் பெயரில் இல்லை, டேனரியின் பெயரில், பங்குதாரர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அப்படியானால் ஒரு பங்குதாரரின் கையெழுத்தோடு நிறுத்தாமல், விற்க அதிகாரம் கொடுத்த கடிதத்தையும் கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனமோ டீலரோ லாபத்தில் விற்றால், 2025 ஜனவரியிலிருந்து அந்த லாபத்தின் மீது மட்டும் 18 சதவீத வரி உண்டு. தனி ஆள் தன் சொந்த வண்டியை விற்றால் இல்லை. “மொத்த விலைக்கும் 18 பர்சன்ட்” என்று யாராவது பில் போட்டால் கணக்கை விளக்கச் சொல்லுங்கள்.

சித்தூரும் கோலாரும் பக்கத்திலேயே இருப்பதால் ஆந்திர, கர்நாடகப் பதிவெண்கள் இங்கே சகஜம். தில்லி வண்டிகளும் வருகின்றன. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு அங்கே தடை விதித்தபின் அவை மலிவு விலையில் தெற்கே இறங்கின. எதுவானாலும் படிவம் 28 தடையில்லாச் சான்று வேண்டும், 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் மறுபதிவும் தமிழ்நாட்டு ஆயுள் வரியும் உண்டு. அதைக் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும்.

இனி வண்டிக்கு வருவோம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதும், கவுண்டன்யா ஆறு குடியாத்தத்துக்குள் புகுந்ததும் மறந்திருக்காது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்களும் ஏதோ ஓர் ஊரில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தண்ணீர் குடித்த வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, வாசனைத் திரவம் அடித்து நிறுத்திவிடலாம். ஆனால் சீட் பெல்ட்டை யாரும் கடைசிவரை இழுத்துக் கழுவுவதில்லை. முழுதாக இழுங்கள், அடிநுனியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி, அந்தக் குழியில் கைவிட்டுத் தடவுங்கள். வண்டல் விரலில் ஒட்டும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஃப்யூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த பித்தளை, ஹெட்லைட்டுக்குள் நீராவி: இவை சேர்ந்து வந்தால் நடையைக் கட்டலாம்.

டேனரி வளாகத்திலேயே வருடக்கணக்கில் நின்ற வண்டி, உப்புத்தோல் மூட்டை ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. உப்பு அடித்தகட்டை அரிக்கும், சல்பைடு வாயு செம்புக் கம்பியைக் கறுப்பாக்கும். டிக்கியில் மூக்கை நுழைத்து மோந்து பாருங்கள். அந்த வாசனை நமக்குத் தெரியாததா!

நான்கு மீட்டருக்குள் அடங்கும் குட்டி எஸ்யூவி வாங்குவதானால், எதைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பிரெஸ்ஸா 2016-லிருந்து 2020 வரை டீசல் மட்டுமே, அதன்பின் பெட்ரோல். மறைமலை நகரில் தயாரான எகோஸ்போர்ட்டை, ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்ததால், விலை குறைத்துக் கேட்கலாம். உதிரிபாகம் கிடைக்கிறதா என்று உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசலை டவுனுக்குள் மட்டும் ஓட்டினால், புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆம்பூர் பஜாருக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பெட்ரோலே நிம்மதி. இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால், நெரிசலில் ஊர்ந்து பார்த்து உதறுகிறதா என்று கவனியுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் போதாது. எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பிறகு ஏலகிரிக்கு ஓட்டுங்கள். 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் போயிற்று. இறங்கும்போது பிரேக் மிதி நடுங்கினால் அதற்கும் ஒரு தொகையைக் கழியுங்கள். டயரில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ‘2021 மாடல், 20 ஆயிரம் கிலோமீட்டர்’ என்கிற வண்டியில் நான்கு டயரும் 2024 என்றால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மீட்டர் திருத்தியதா என்பதற்குச் சாட்சி, கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவேடு.

எல்லாம் பார்த்தும் ஏமாந்தால்? டீலரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வழிகாட்டுதலுக்கு 1915. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்தக் கதவு திறக்காது. பொய் சொல்லி விற்றார் என்று ஒப்பந்தத்தை ரத்துசெய்யச் சிவில் நீதிமன்றம், ஏமாற்றும் நோக்கத்துக்குச் சான்று இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் காவல் நிலையம். இரண்டுக்கும் எழுத்துதான் உயிர். ‘ஆக்சிடென்ட் இல்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை, கிலோமீட்டர் இவ்வளவு’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

சாவி வாங்கும் அன்று டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விட்டுவிட்டால் மூன்றாம் நபர் காப்பு தொடரும், உங்கள் வண்டிக்கான சேதக் காப்பு தொடராது. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அவருடைய ஃபாஸ்டேகை அங்கேயே கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் அவர் போனில் மெசேஜ் விழும், அடுத்த நிமிடம் உங்கள் போன் அடிக்கும்.