தராசின் மறுதட்டில் அடிமனம்!

சுவிட்சர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு பணப்பை களவு போயிற்று. மூன்று நர்சுகள் மீது சந்தேகம். போலீசை அழைக்கவில்லை, ஒரு மனோதத்துவ டாக்டரை அழைத்தார்கள். அவர் கையில் ஸ்டாப் வாட்சும் சொற்கள் அடங்கிய பட்டியலும் மட்டுமே இருந்தன.

அவர் ஒரு சொல்லைச் சொல்வார். மனதில் முதலில் தோன்றும் சொல்லை எதிரே இருப்பவர் உடனே சொல்ல வேண்டும். சாதாரணச் சொற்களுக்கு நடுவே அலமாரி, சாவி, போலீஸ் என்று களவுக்குப் பொருத்தமான சொற்களையும் கலந்து வைத்திருந்தார். இரண்டு நர்சுகளிடம் தடங்கல் குறைவாக இருந்தது. மூன்றாமவர்தான் அந்தச் சொற்கள் வரும்போது அதிகமாகத் தடுமாறினார். பிறகு, எடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த டாக்டர்தான் கார்ல் குஸ்தாவ் யுங் (1875-1961). இந்தச் சம்பவத்தை 1909-ல் அமெரிக்காவில் நிகழ்த்திய சொற்பொழிவில் அவரே விவரித்திருக்கிறார். வாய் மறைப்பதைத் தாமதம் காட்டிக் கொடுக்கிறது. நாம் அறியாமலே மனதுக்குள் சில முடிச்சுகள் விழுந்திருக்கின்றன. அவற்றைத் தொட்டால் பேச்சு தடைபடுகிறது என்பது அவர் முடிவு.

பிராய்டும் யுங்கும்

1907-ல் யுங் வியன்னா சென்று டாக்டர் பிராய்டைச் சந்தித்தார். முதல் சந்திப்பிலேயே ஏறக்குறைய 13 மணி நேரம் பேசினார்களாம்! ஆனால் 1913-ல் நட்பு முறிந்தது. அடக்கி வைத்த ஆசைகளின் கிடங்காகவே அடிமனத்தைப் பிராய்டு பெரும்பாலும் கண்டார். அது மட்டுமல்ல, மனித குலம் முழுவதற்கும் பொதுவான ஓர் அடித்தளமும் அதில் உண்டு என்றார் யுங். விஞ்ஞான முறையில் இது நிரூபிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது.

இந்தப் பிரிவு அவரை வேறொரு கேள்விக்கு இழுத்தது. ஒரே நோயாளியைப் பார்க்கும் இரண்டு டாக்டர்கள் ஏன் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள்? 1921-ல் வெளிவந்த 'மனோதத்துவ வகைகள்' என்ற நூலில் விடை தந்தார். சிலருடைய மனம் வெளியுலகை நோக்கி ஓடும். சிலருடையது உள்ளே திரும்பும். புறமுகம், அகமுகம் என்று நாம் சொல்லலாம். அதோடு சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என நான்கு சக்திகள். ஒன்று வலுத்தால் அதன் எதிர்சக்தி அடிமனத்தில் அமிழ்ந்துவிடும்.

அமிழ்ந்தது சும்மா இருக்காது. எதையும் கணக்குப் போட்டே பார்க்கும் மனிதர், காப்பி ஆறிப் போயிற்று என்பதற்காக வீட்டையே இரண்டாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் பழக்காமல் விட்ட உணர்ச்சி அப்படி வெடிக்கிறது. மேல்மனம் ஒரு பக்கம் சாய்ந்தால், அடிமனம் மறுதட்டில் எடை வைக்கும். யுங்கின் கொள்கையில் சாரம் இதுதான்.

கல்கத்தாவில் ஒரு கனவு

அந்த எடையை அவரே இந்திய மண்ணில் உணர்ந்தார். விஞ்ஞான காங்கிரசின் வெள்ளி விழாவுக்காக 1937 டிசம்பரில் வந்தவர் அவர். அலகாபாத், காசி, கல்கத்தா பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் வழங்கின. கல்கத்தாவில் சீதபேதி கண்டு பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். உடல் தேறியபின் ஒரு கனவு. அதில் கோவில் இல்லை, யோகி இல்லை. இங்கிலாந்துக் கரையோரத் தீவு. கிறிஸ்தவக் கதைகளில் வரும் புனிதக் கிண்ணத்தைக் கொண்டுவர அவர் தனியாகக் கடலை நீந்த வேண்டும்! 'இந்தியா உன் வேலையல்ல, உன் மக்களைக் கவனி' என்று அடிமனம் நினைவூட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். சென்னை வரை வந்தும் திருவண்ணாமலை சென்று ரமண மகரிஷியைப் பார்க்கவில்லை. ஆனால் மகரிஷியைப் பற்றிய ஜெர்மன் நூல் ஒன்று 1944-ல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதினார்! இதுவும் விசித்திரம்தான்.

நான்கு எழுத்து முத்திரை

யுங்கின் நூலைப் படித்த அமெரிக்கத் தாயும் மகளும், காதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். இருவரும் மனோதத்துவம் முறையாகப் படித்தவர்கள் அல்லர். மனிதர்களை 16 வகையாக்கி, ஒவ்வொரு வகைக்கும் நான்கு ஆங்கில எழுத்துக்களை முத்திரையாக இட்டார்கள். இன்று பல கம்பெனிகள் இந்தத் தாளை ஊழியர்களிடம் நீட்டுகின்றன.

முழுக்க அகமுகமோ முழுக்க புறமுகமோ உள்ள மனிதன் இல்லை என்றுதான் யுங் சொன்னார். பின்னாளைய ஆய்வுகளும் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள் என்கின்றன. சில வாரம் கழித்து அதே தாளை எழுதினால் பலருக்கு முத்திரை மாறிவிடுகிறது. அதிகம் பேசாத பையன் கவுண்டர் வேலைக்கு லாயக்கில்லை என்று இதை வைத்து ஒதுக்குவது அநியாயம். ஆளெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தக் கேள்வித்தாளை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.