நடையைப் பதியும் செயலி: நஞ்சராயன் குளத்துப் பறவை நோக்கரை முன்வைத்து

சுற்றுலாப் பயணியரின் நடையையும் மிதிவண்டிப் பயணத்தையும் திறன்பேசிச் செயலிகள் எவ்வாறு மாற்றுகின்றன என்னும் வினா எழும்போது, வழிகாட்டும் நிலப்படச் செயலிகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் திருப்பூர் இவ்வினாவுக்கு வேறொரு களத்தைத் தருகிறது. ஊத்துக்குளி சாலைப் பக்கம் அமைந்த நஞ்சராயன் குளம் ஏறத்தாழ 126 ஹெக்டேர் பரப்புடையது. சர்க்கார் பெரியபாளையம் குளம் என்றும் வழங்கப்பெறுவது. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பட்டைத்தலை வாத்து முதலிய வலசைப் பறவைகளைத் தேடி இத்தகைய நீர்நிலைகளுக்கு வரும் பறவை நோக்கரிடையே பரவலாக வழங்கும் செயலி ஈபேர்ட். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய தரவுத்தளம் அது.

இச்செயலி வழி காட்டுவதில்லை. நடந்த வழியைப் பதிகிறது. பட்டியலைத் தொடங்கியதும் நேரமும் தொலைவும் தாமே கணக்காகின்றன. நோக்கர் 30 மீட்டருக்குள் நின்றால் அது நிலை நோக்கு. அதனைக் கடந்தால் பயண நோக்கு. சென்ற பாதையிலேயே திரும்பினால் தொலைவை ஒருமுறை மட்டுமே கணக்கிட வேண்டும். இந்தச் சிறிய விதி கவனத்திற்குரியது. விதியை அறிந்தவர் வந்த கரையிலேயே திரும்புவதைக் காட்டிலும் புதிய கரையைச் சுற்றிவர விரும்பக்கூடும். அல்லது பட்டியலை முடித்துவிட்டுக் கணக்கின்றித் திரும்பக்கூடும். 15 நிமிடப் பட்டியல்களை ஊக்குவிக்கும் வழக்கமோ நடையைத் துண்டுகளாக்குகிறது. உலாவாக இருந்தது அளவீடாகிறது என்பது என் கருத்து.

மிதிவண்டியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. நடந்தாலும் மிதித்தாலும் காரில் சென்றாலும் ஈபேர்டில் அது பயண நோக்கே. ஆகவே, இத்தரவைக் கொண்டு எத்தனை பேர் நடந்தனர் என்று கூற முற்படும் ஆய்வு தொடக்கத்திலேயே தவறும். மிதிவண்டியோடு நேரடியாகப் பிணைந்த செயலியை இக்கொங்குப் பகுதி 2018இல் கண்டது. கோயம்புத்தூரில் ஓஃபோ நிறுவனத்தின் மஞ்சள் வண்டிகளைத் திறன்பேசியால் பூட்டுத் திறந்து ஓட்டினர். அவ்வாண்டிலேயே நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. செயலி தந்த வசதியும் அத்துடன் நின்றது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. பலரும் பறவை காணும் இடங்களை ஈபேர்ட் ‘ஹாட்ஸ்பாட்’ எனக் குறித்து, அங்குப் பதிவான இனங்களின் எண்ணிக்கையையும் காட்டுகிறது. எண்ணிக்கை மிகுந்த இடம் மேலும் பலரை ஈர்க்கிறது. வருகை மிக மிகப் பதிவும் மிகுகிறது. குளத்தின் ஒரு கரையில் மட்டும் பட்டியல்கள் குவிந்தால், மறுகரையின் வெறுமைக்குப் பறவையின்மை காரணமா, நடப்பாரின்மை காரணமா என்பதை நிலப்படத்திலிருந்து அறிய இயலாது. சரணாலயத்தின் எப்பகுதிக்குப் பாதுகாப்புத் தேவை என முடிவுசெய்ய இத்தரவைக் கையாள்வோர், கரை முழுவதையும் பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் நடத்தப்படும் கணக்கெடுப்புடன் அதனை ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.