எந்த அகராதி யாருக்கு?

"ஹஸரத், மகனுக்கு ஒரு அறபு அகராதி வாங்கோணும். ஆகத் திறமானது எது?"

புதிய மாணவர்கள் சேரும் ஒவ்வொரு வருடமும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஆகத் திறமானது என்று ஒன்று இல்லை என்றால், எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். முதலாம் வருட மாணவர் ஒருவர், யூஸுஃப் அத்தியாயத்தில் வரும் 'ஸய்யாரா' என்ற சொல்லுக்கு 'மோட்டார் கார்' என்று எழுதியிருந்தார். வகுப்பே சிரித்தது. பிள்ளையின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் சோம்பேறியல்லர், அகராதியைப் பார்த்துத்தான் எழுதினார். வாப்பா ஆசையோடு வாங்கிக் கொடுத்தது இக்கால அறபுக்கான அகராதி. இன்றைய பத்திரிகையில் ஸய்யாரா கார்தான். அல்குர்ஆனிலோ அது வழிப்போக்கர் கூட்டம். இந்த நூல் எதற்குரியது என்று முதலிலேயே சொல்லாத ஆசிரியர்களாகிய எங்கள் மீதுதான் குற்றம்.

ஆகவே, பிள்ளை எந்தக் காலத்து அறபைப் படிக்கப் போகிறார் என்பதை முதலில் கேளுங்கள். மத்திய கிழக்குத் தொழிலுக்கோ, பத்திரிகை வாசிக்கவோ என்றால் ஹான்ஸ் வேர் அகராதி நல்லது. ஜேர்மன் மொழியில் 1952இல் வந்து, 1961இல் ஆங்கிலமானது. அல்குர்ஆன் சொற்களுக்கு இமாம் றாகிப் அல் இஸ்பஹானியின் 'முஃப்றதாத்'. ஹதீஸில் வரும் அரிய சொற்களுக்கு இப்னுல் அதீரின் 'அந்நிஹாயா'.

ஃபிக்ஹு ஓதும் பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது ஃபையூமியின் 'அல் மிஸ்பாஹுல் முனீர்'. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலொன்றில் உள்ள சொற்களை விளக்கத் தொடங்கி, அதுவே அகராதியாக வளர்ந்தது. நம் பிள்ளைகள் தண்ணீர்ப் பாடத்தில் திணறும் 'குல்லதைன்' எப்படிப்பட்ட பாத்திரத்தைக் குறிக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். இவ்வளவு பொருத்தமான நூலை நம்மவர்கள் ஏனோ அதிகம் கேட்டு வாங்குவதில்லை.

இரண்டாவது, சொற்களை அடுக்கியிருக்கும் முறை. அநேகர் ஏமாறுவது இங்கேதான். 'மக்தபா' என்ற சொல்லை றூஹி பஅல்பக்கியின் 'அல் மவ்ரித்' மீம் எழுத்தின் கீழேயே தரும். ஹான்ஸ் வேரிலும் 'அல் முஃஜமுல் வஸீத்'திலும் காஃப், தா, பா என்ற மூல எழுத்துக்களைப் பிரித்தறிந்து காஃபில் தேட வேண்டும். 'லிஸானுல் அறப்', 'காமூஸ்' இரண்டிலும் கடைசி மூல எழுத்தான பாவின் பாகத்துக்குப் போய், அதற்குள் காஃபைப் பார்க்க வேண்டும். ஸர்ஃபு படிக்காத பிள்ளைக்குப் பதினைந்து பாகம் லிஸானை வாங்கிக் கொடுத்தால் அது அலுமாரிக்குத்தான் அழகு.

மவ்ரித் இலேசு. ஆனால் அதிலேயே பழகிய பிள்ளைக்கு மூல எழுத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வராமலே போகலாம். கைத்தொலைபேசியில் தேடுவோருக்கும் இதே கதைதான்.

'முன்ஜித்'? பெய்ரூத்தில் 1908இல் லூயிஸ் மஃலூஃப் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் வெளியிட்டது. படங்கள் உண்டு, தேடுவதும் சுலபம். மார்க்கக் கலைச்சொற்களுக்கு அதோடு நின்றுவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இரண்டாம் வருடத்திலிருந்து வஸீத்தை வாங்குங்கள். கெய்ரோ மொழிக் கழகம் 1960இல் வெளியிட்டது. 'கிதார்' என்று தேடினால், வரிசையாகச் செல்லும் ஒட்டகங்களும் கிடைக்கும், புகையிரதமும் கிடைக்கும். கழகம் ஏற்றுக்கொண்ட சொல்லுக்குத் தனிக் குறியீடும் இருக்கும். முதல் வருடத்துக்கு 'முக்தாருஸ் ஸிஹாஹ்' போதும். சிறியது, விலையும் குறைவு. அதிலும் முதல் எழுத்து வரிசையில் அச்சிட்ட பதிப்பைக் கேளுங்கள்.

கடைக்குப் பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். 'இஸ்திஃபார்' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். அலிஃபைப் புரட்டுகிறாரா, ஙைனைப் புரட்டுகிறாரா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.